வாலிபப் பிள்ளைகளுக்கு வரும் சித்தப்பிரமை

ஏர்வாடியை நம்மவரில் அறியாதார் யார்? 2001 ஆகஸ்டு 6ஆம் தேதி விடியற்காலையில் அங்கே ஒரு மனநோயாளர் விடுதியின் ஓலைக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியில் கட்டிப் போட்டிருந்தபடியால் ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டவர்கள் பெரும்பாலும் சொந்தக் குடும்பத்தாரே. வேறு வழி தெரியாதவர்கள்.

இந்நோய் அநேகமாகப் பதினைந்துக்கும் முப்பதுக்கும் இடைப்பட்ட வயதில் தலைகாட்டுகிறது. முதலில் தூக்கம் மாறும். இரவெல்லாம் விழிப்பு, பகலெல்லாம் படுக்கை. குளிக்க மாட்டான். கூட்டாளிகளை விட்டு ஒதுங்குவான். நன்றாகப் படித்தவன் பின்தங்குவான். அந்த வயதில் இதெல்லாம் சகஜந்தானே என்பீர்கள். மெய்தான். ஆனால் யாரோ தன்னைப் பற்றியே பேசுகிறார்கள், சோற்றில் எதையோ கலக்கிறார்கள், ஆளில்லாத இடத்தில் குரல் கேட்கிறது என்று சொல்லத் தொடங்கினால் நாள் கடத்தலாகாது. கஞ்சா, ஷாபு பழக்கம் இருப்பின் ஆபத்து அதிகம்.

என் தங்கை மகன் என் கடையில்தான் நின்றான். வருகிறவர்கள் தன்னைப் பார்த்துக் குசுகுசுக்கிறார்கள் என்றான். வேலைக் கள்ளன் என்று ஏசினேன். பிறகு ஓதிப் பார்த்தோம், தாயத்துக் கட்டினோம், போமோவிடமும் போனோம். வைத்தியரிடம் போக மட்டும் வெட்கம். அவன் தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த சமயம் அது. ஏழு மாதம் வீணாயிற்று. சிகிச்சை பிந்தப் பிந்தக் குணமாவதும் பிந்தும் என்று பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன்.

துஆவை விடச் சொல்லவில்லை. குஜராத்தில் உனாவா ஊரிலுள்ள மீரா தாதார் தர்காவில் 2008இல் மருந்தும் துஆவும் சேர்ந்த ஏற்பாடு செய்தார்கள். முஜாவர்களே நோயாளியை வைத்தியரிடம் அனுப்பினார்கள். நாமும் அப்படிச் செய்யலாமே!

இங்கே முதலில் அரசாங்கக் கிளினிக்குக்குப் போய், கடிதம் வாங்கிக்கொண்டு பினாங்கு பெரிய ஆஸ்பத்திரியின் மனநோய்ப் பகுதிக்குப் போகலாம். சாக வேண்டும் என்று பிள்ளை பேசினால் கடிதத்துக்குக் காத்திராமல் அன்றே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோக வேண்டும். மருந்தைக் குறைந்த அளவில் தொடங்குவார்கள். தூக்கக் கலக்கம் வரும், உடம்பு போடும். அதை வைத்தியரிடம் சொன்னால் மாற்றித் தருவார். நாமாக நிறுத்தினால் நோய் திரும்பும். குரல் கேட்கிறது என்பவனிடம் தர்க்கமும் வேண்டாம், சிரிப்பும் வேண்டாம், "பயமாக இருக்கிறதா?" என்று கேளுங்கள்.

மருமகன் இப்போது மாலை வேளைகளில் கல்லாவில் இருக்கிறான். இரவு மாத்திரையை என் தங்கை எடுத்துக் கொடுக்கிறாள்.