துவையல் தவசு: பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய பாடம்

சாமிதோப்புக்குச் செல்லும் அன்புக்கொடி மக்கள் முத்திரிக் கிணற்றில் நீராடிய பிறகே பதிக்குள் செல்கிறார்கள். நிழல் தாங்கலிலும் கை கால் கழுவி, திருநாமம் இட்டுத்தான் பணிவிடையில் நிற்கிறார்கள். பெரியவர்களைப் பார்த்துப் பிள்ளைகளும் அப்படியே செய்கிறார்கள். "எதற்காக?" என்று ஒரு பிள்ளை கேட்டால், "அதுதான் வழக்கம்" என்று சொல்லி விட்டுவிடக் கூடாது. அதற்கான பதில் துவையல் தவசில் இருக்கிறது.

வாகைப்பதியில் நடந்தது

திருவனந்தபுரம் சிறையிலிருந்து 1839-ல் விடுதலையாகி வந்த பின்பு, அய்யா வைகுண்டர் தம் மக்களில் 700 குடும்பங்களை வாகைப்பதிக்குத் தவசு செய்ய அனுப்பினார். ஆண், பெண், பிள்ளைகள் எல்லாரும் கடற்கரையில் கூடி வாழ்ந்தார்கள். தினமும் பலமுறை நீராடினார்கள். உடுத்த துணியைத் தாங்களே துவைத்தார்கள். அரிசியும் சிறுபயறும் சேர்த்து ஆக்கிய எளிய உணவைப் பகிர்ந்து உண்டார்கள். பின்பு இந்தத் தவசு முட்டப்பதியிலும் தொடர்ந்தது.

இவர்கள் யார் என்பதைப் பிள்ளைகள் அறிய வேண்டும். அன்றைய திருவிதாங்கூரில் இந்த மக்கள் பொதுக் கிணற்றில் நீர் எடுக்க முடியாது. மேலாடை அணிய முடியாது. பல தெருக்களில் நடக்க முடியாது. தீட்டு என்று சொல்லி ஒதுக்கப்பட்டவர்கள் அவர்கள். அந்த மக்களைத்தான் அய்யா, "குளி, துவை, ஒன்றாக உண்" என்று பழக்கினார். எல்லாச் சாதியினரும் ஒரே கிணற்றில் குளிக்கவும் குடிக்கவும் முத்திரிக் கிணற்றை ஏற்படுத்தினார். பள்ளியறையில் கண்ணாடி வைத்து, வணங்க வருபவர் தம்முள் இருக்கும் இறைவனைக் காணச் செய்தார்.

ஆகவே, அய்யா வழியில் சுத்தம் என்பது மனிதன் தலைநிமிர்ந்து நிற்பதற்காக வந்தது. அதைக் கொண்டு இன்னொரு பிள்ளையை இழிவாகப் பேசினால், அய்யா ஒழிக்க வந்த தீட்டை மறுபடியும் வீட்டுக்குள் கொண்டு வந்தவர்கள் ஆவோம்.

தருமபுரித் தண்ணீரும் பிள்ளைகளின் பல்லும்

தருமபுரி மாவட்டத்துப் பெற்றோர் இதைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். இங்கே பல ஊர்களில் நிலத்தடி நீரில் புளோரைடு உப்பு அதிகம். நிரந்தரப் பற்கள் ஈறுக்குள் உருவாகும் வயதில், ஏறக்குறைய எட்டு வயது வரை, அந்தப் போர் தண்ணீரைத் தொடர்ந்து குடித்த பிள்ளைக்குப் பல்லில் வெண்திட்டும் பழுப்புக் கறையும் விழும். அந்தப் பிள்ளை தினமும் பல் துலக்கினாலும் கறை போகாது. "பல்லே விளக்க மாட்டாயா?" என்று ஆசிரியரோ உறவினரோ கேட்டால், பிள்ளை வாயை மூடிக்கொண்டு சிரிக்கப் பழகிவிடும். அது பிள்ளையின் குற்றமல்ல, தண்ணீரின் குற்றம்.

கறை போக வேண்டும் என்று செங்கல் பொடி, அடுப்புக்கரி, சாம்பல் கொண்டு தேய்த்தால் பல்லின் மேற்பூச்சுதான் தேயும். தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் புளோரைடு போகாது. 2013-ல் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் நோக்கமே இந்தப் பாதிப்பைக் குறைப்பதுதான். அந்தத் தண்ணீர் வரும் ஊர்களில் குடிக்கவும் சமைக்கவும் அதையே வைத்துக்கொண்டு, போர் தண்ணீரைத் துவைக்கவும் கழுவவும் பயன்படுத்தலாம். மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைக்குப் பட்டாணி அளவு பேஸ்ட் போதும். விழுங்காமல் துப்பச் சொல்ல வேண்டும்.

பேனும் அப்படித்தான். தலையோடு தலை ஒட்டி விளையாடும்போது அது தொற்றுகிறது. தினமும் குளிக்கும் பிள்ளைக்கும் வரும். அதற்காக ஒரு பிள்ளையைத் தனியாக உட்கார வைக்கக் கூடாது.

வீட்டில் பழக்க வேண்டியவை

கை கழுவுதல்: உண்ணும் முன்பும் கழிப்பறை சென்று வந்த பின்பும் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். கையை நனைத்து, குழாயை மூடிவிட்டு, "அய்யா உண்டு" என்று நிதானமாகப் பத்து முறை சொல்லும் வரை விரலிடுக்கு, நகம், மணிக்கட்டு எல்லாம் தேய்க்கலாம். ஏறக்குறைய இருபது நொடி ஆகும். பிறகு ஒரு சொம்புத் தண்ணீர் போதும். தண்ணீர் குறைந்த கோடையிலும் இதைச் செய்ய முடியும்.

பல்: காலையிலும் இரவு படுக்கும் முன்பும் துலக்க வேண்டும்.

துணி: உள்ளாடையை தினமும் மாற்ற வேண்டும். ஏழெட்டு வயதானதும் தன் உள்ளாடையையும் கைக்குட்டையையும் பிள்ளையே துவைக்கட்டும். ஆண் பிள்ளையும் துவைக்க வேண்டும். உண்ட தட்டையும் கழுவ வேண்டும். துவையல் தவசில் ஆண்களும்தான் துவைத்தார்கள்.

நகம், செருப்பு, கழிப்பறை: வாரம் ஒருமுறை நகம் வெட்ட வேண்டும். வெளியே செல்லும்போது செருப்பு வேண்டும். வெறுங்காலோடு அசுத்தமான மண்ணில் நடந்தால் கொக்கிப்புழு தோல் வழியாக உடலில் ஏறி, இரத்தச் சோகையைத் தரும். பள்ளியிலும் அங்கன்வாடியிலும் கொடுக்கும் குடற்புழு மாத்திரையைத் தவற விடக் கூடாது.

"செய்" என்று சொல்வதைவிட, கூட நின்று செய்தால் பிள்ளை விரைவில் பழகும். மறந்த நாளில் திட்டாமல் நினைவூட்டினால் போதும்.

பந்தியில் பழக வேண்டியவை

அன்னதானத்தில் வரிசையில் நிற்பது, வேண்டிய அளவு மட்டும் வாங்குவது, முதியவருக்கு இடம் விடுவது, தும்மும்போது முழங்கையால் வாயை மறைப்பது, கண்ட இடத்தில் துப்பாமல் இருப்பது ஆகியவற்றைத் தாங்கலிலேயே கற்றுக்கொடுக்கலாம். பக்கத்தில் யார் அமர்ந்தாலும் தள்ளி உட்காராமல் இருப்பதும் ஒரு பழக்கம்தான். சட்டை கிழிந்திருப்பதையும் பல் கறையாக இருப்பதையும் வைத்துப் பட்டப்பெயர் வைக்கும் பிள்ளையை அன்றைக்கே திருத்த வேண்டும்.

ஒரு பிள்ளை அழுக்காக வந்தால், பெரியவர் ஒருவர் தனியே அழைத்துப் போய், சோப்பும் தண்ணீரும் கொடுத்து, கழுவ உதவி செய்யட்டும். பெயரைச் சொல்லிப் பலர் முன்னே பேச வேண்டாம். அந்த வீட்டில் குழாய் இருக்கிறதா, தாய் விடியுமுன்னே வேலைக்குப் போகிறாரா என்று விசாரித்து, முடிந்ததைச் செய்ய வேண்டும். தாழ்ந்து கிடப்பவரைத் தாங்குவதே தர்மம் என்ற அய்யாவின் போதனையைப் பிள்ளைகள் அங்கே கண்ணால் பார்ப்பார்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை உச்சிப்படிப்பு முடிந்ததும், தாங்கலுக்கு வரும் பிள்ளைகளுக்கு வாகைப்பதி வரலாற்றைச் சொல்லி, அப்படியே கை கழுவும் இடத்துக்கு அழைத்துச் சென்று, பெரியவர்களும் கூடவே கழுவிவிட்டு, ஒரே பந்தியில் அமரலாம்.

அய்யா உண்டு.