கரையோரக் கிணறுகளில் நன்னீரைப் பேணுதல்

பூமியில் நீருக்குக் குறைவில்லை. பயிருக்கு உதவும் நீரே குறைவு. உலக நீர் முழுவதையும் 1,000 படியாகக் கொண்டால், ஏறத்தாழ 975 படி உவர்நீராகும். எஞ்சிய 25 படி நன்னீரில் 17 படி வரை துருவப் பகுதிகளிலும் உயர்ந்த மலைகளிலும் பனிக்கட்டியாய் உறைந்து கிடக்கின்றது. ஏறக்குறைய ஏழரைப் படி நிலத்தின் கீழ் உள்ளது. ஆறுகளிலும் குளங்களிலும் காணப்படுவது ஒரு படியிற் பத்திலொரு பங்கும் இல்லை.

கல்முனைப் பகுதிக் கமக்காரர் குளத்து நீர், நிலத்தடி நீர் ஆகிய இரண்டையும் பயன்படுத்துகின்றனர். மேற்கேயுள்ள வயல்களுக்கு, கல்லோயாத் திட்டத்தின்கீழ் 1950களின் தொடக்கத்தில் இங்கினியாகலையில் அமைக்கப்பட்ட சேனாநாயக்க சமுத்திரத்தின் நீர் வாய்க்கால் வழியே பாய்கின்றது. கடலோர மணல்நிலத் தோட்டங்களுக்கோ கிணற்று நீரே ஆதாரம்.

மாரி மழை மணலில் ஊறி, கீழேயுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. நன்னீரின் பாரம் 40 எனின், அதே அளவு கடல்நீரின் பாரம் 41 ஆகும். ஆதலால், கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், அம்மட்டத்துக்குக் கீழ் ஏறக்குறைய 40 அடி நன்னீர் இருக்கும். மேலே 1 அடி குறைந்தால், கீழே உவர்நீர் காலப்போக்கில் 40 அடி ஏறிவிடும். கச்சான் காற்று வீசும் வறட்சிக் காலத்தில் இயந்திரத்தால் இடைவிடாது இறைத்தால், கிணற்றுக்கு நேர்கீழே உவர் குவிந்தெழும்.

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை கிழக்குக் கரையோரக் கிணறுகளை உவராக்கியது. அவற்றைத் துப்புரவாக்க மிகையாக இறைத்த இடங்களில் உவர் நீங்கவில்லை. கீழிருந்து மேலும் ஏறியது. பின்னர் பெய்த பருவமழையே அதனைச் சிறிது சிறிதாக அகற்றியது.

ஆகவே, தோட்டக்காரர் பின்வருவனவற்றைக் கைக்கொள்ளுதல் வேண்டும்:

1. ஒரே முறையில் வற்ற இறைத்தலாகாது. காலையும் மாலையும் சிறிது சிறிதாக இறைக்க.

2. நீர் குறைந்ததென்று கிணற்றை மேலும் ஆழமாக்கற்க. ஆழத்தில் உவரே உண்டு.

3. மிளகாய், கத்தரிப் பாத்திகளை வைக்கோலால் மூடி ஈரத்தைக் காக்க.

4. மாரி மழை கடலுக்கு ஓடிவிடாது, சிறு வரம்புகள் கட்டித் தோட்டத்திலேயே ஊறவிடுக.

5. இலைநுனி கருகினாலும், நீர் கரித்தாலும் இறைப்பதைக் குறைத்து, நீரைப் பரிசோதிப்பிக்க.

உவரேறிய கிணறு ஒரே நாளில் திருந்தாது. அதற்கு மழை வேண்டும், பொறுமையும் வேண்டும். அயலிலுள்ள கிணறுகள் யாவும் ஒரே நன்னீரையே பகிர்கின்றன. ஒருவர் மிகையாக இறைத்தால் அயலவரின் பயிரும் குடிநீரும் கெடும்.