செவலையின் தோல்

கர்நாடகத்தில் தங்கவயல் என்று ஓர் ஊர் உண்டு. அங்கே பெரிய தங்கச் சுரங்கம் இருந்தது. 2001ஆம் ஆண்டு அதை மூடிவிட்டார்கள். வேலை போன தமிழ்க் குடும்பங்கள் பல. அதில் ஒரு குடும்பம் பசு வளர்த்தது. அந்த வீட்டு அம்மாவைப் பால்காரம்மா என்றே எல்லோரும் கூப்பிடுவார்கள்.

அவரிடம் இருந்தது ஒரே பசு. பெயர் செவலை. காலையில் 6 லிட்டர், மாலையில் 4 லிட்டர் கறக்கும். சொசைட்டியில் பால் ஊற்றி வரும் பணம்தான் வீட்டுச் செலவுக்கு.

2022ஆம் ஆண்டு மழைக்காலம். ஒரு நாள் காலையில் செவலை தீனியைத் தொடவில்லை. உடம்பு கொதித்தது. கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிந்தது. இரண்டு நாளில் கழுத்திலும் விலாவிலும் கட்டி கட்டியாகக் கிளம்பியது. சில கட்டிகள் சுண்டைக்காய் அளவு. சில நெல்லிக்காய் அளவு. பால் 2 லிட்டராகக் குறைந்தது.

பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்து பார்த்தார்.

"கம்பியைக் காய வை தாயி. நாலு இழுப்பு இழுத்தால் கட்டி அமுங்கிவிடும்" என்றார்.

பால்காரம்மா அடுப்பை மூட்டினார். கம்பியையும் வைத்தார். மகள் ஓடி வந்து தடுத்தாள்.

"கொஞ்சம் பொறு அம்மா. நான் போய் மாட்டு டாக்டரைக் கூட்டி வருகிறேன்."

டாக்டர் வந்ததும் அடுப்பில் இருந்த கம்பியைத்தான் முதலில் பார்த்தார்.

"ஏம்மா, இது மாட்டுக்கா?"

பால்காரம்மா தலையைக் குனிந்தார். டாக்டர் கோபப்படவில்லை. செவலையின் முதுகில் கையை வைத்தார். பெரியவரையும் பக்கத்தில் அழைத்தார்.

"இந்தத் தோல் இருக்கிறதே, இது வெறும் போர்வை இல்லை. இதற்குள் எத்தனை வேலை நடக்கிறது தெரியுமா?" என்று தொடங்கினார்.

தோலில் இரண்டு அடுக்கு உண்டு. மேலே இருப்பது மெல்லிய மேல்தோல். அது தேய்ந்து உதிரும். அடியிலிருந்து புதிது வளரும். கீழே இருப்பது தடித்த உள்தோல். இரத்தக் குழாய், நரம்பு, மயிர்க்கால், வேர்வைச் சுரப்பி, எண்ணெய்ச் சுரப்பி எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. எண்ணெய் கசிந்து மயிரில் பரவும். அதனால்தான் நல்ல மாட்டின் மயிர் பளபளக்கிறது. மழைத் தண்ணீரும் சட்டென்று உள்ளே இறங்குவதில்லை.

மாட்டின் மேல் ஈ உட்கார்ந்தால் என்ன ஆகிறது? அந்த இடம் மட்டும் வெடவெடவென்று துடிக்கும். தோலுக்கு அடியில் மெல்லிய தசை ஒன்று இருக்கிறது. துடிப்பது அதுதான். நமக்கு அப்படித் துடிக்க வராது. நாம் கையால்தான் ஓட்ட வேண்டும்.

பசுவுக்கு உடம்பெல்லாம் வேர்க்கும். எருமைக்கு வேர்வைச் சுரப்பி மிகவும் குறைவு. தோலும் கறுப்பு. வெயிலை இழுத்துக்கொள்ளும். அதனால்தான் எருமை குட்டையைத் தேடி ஓடுகிறது. 'சோம்பேறி எருமை' என்று திட்டுகிறோம். அது பாவம், சூட்டைத் தணித்துக்கொள்கிறது. உடம்பில் காய்ந்த சேறு ஈக்கடியையும் தடுக்கும். நாய்க்கு வேர்வை பெரும்பாலும் பாதத்தில்தான். ஆகவே நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கிறது. கோழிக்கு வேர்வையே கிடையாது.

கொம்பும் குளம்பும் தோலிலிருந்து வந்தவைதான். நம் நகம் போன்ற பொருள்தான் அவற்றிலும் இருக்கிறது. கொம்பின் மேலே ஓடு, உள்ளே எலும்பு. அதனால்தான் கொம்பு முறிந்தால் இரத்தம் கொட்டுகிறது. குளம்பு மாதம் சுமார் 5 மில்லிமீட்டர் வளரும். தேயாமல் கட்டியே கிடக்கும் மாட்டுக்குக் குளம்பைச் சீவிவிட வேண்டும்.

"மடி கூடத் தோலின் சுரப்பியிலிருந்து வந்ததுதான் அம்மா. வேர்வைச் சுரப்பிக்கு அது உறவு" என்றார் டாக்டர்.

பால்காரம்மா வாயைப் பிளந்தார். "பால் தோலிலிருந்தா வருகிறது!"

"ஆமாம். இப்போது சொல்லுங்கள். இதன் மேல் கம்பியை இழுக்கலாமா? கட்டி அமுங்காது. தோல் வெந்து கதவு திறந்தது போலாகும். ஈ முட்டையிடும், புழு வைக்கும். சீழ் பிடிக்கும்."

பிறகு நோயைப் பற்றிச் சொன்னார். இதற்குப் பெயர் தோல் கழலை நோய். ஒரு வைரஸ் கிருமியால் வருகிறது. இந்தியாவில் முதலில் 2019ஆம் ஆண்டு ஒடிசாவில் தெரிந்தது. 2022ஆம் ஆண்டு இராஜஸ்தானிலும் குஜராத்திலும் வேகமாகப் பரவியது. அந்த ஆண்டு நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேல் மாடுகள் செத்தன. கடிக்கும் ஈ, கொசு, உண்ணி இவைதான் நோயைத் தூக்கிச் செல்கின்றன. மனிதருக்கு இது வராது. பாலைக் காய்ச்சிக் குடிக்கலாம்.

செவலையைக் கொட்டகையிலிருந்து பிரித்துத் தனியாகக் கட்டச் சொன்னார். தனித் தொட்டி, தனித் தண்ணீர். காய்ந்து விழும் பொருக்கைக் கூட்டி எரிக்க வேண்டும். அதில் கிருமி ஒரு மாதம் கூட உயிரோடு இருக்கும். மாலையில் வேப்பிலைப் புகை போடலாம். சுவர் வெடிப்பைப் பூசி அடைக்க வேண்டும். உண்ணி முட்டையிடுவது அங்கேதான். மாட்டின் மேல் மட்டும் மருந்து அடித்தால் உண்ணி போகாது. அந்த மருந்தும் விஷம். டாக்டர் சொல்லும் அளவில்தான் கலக்க வேண்டும். மாடு நக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"இந்தக் கிருமியைக் கொல்லும் மருந்து இல்லை. காய்ச்சலுக்கும் புண்ணுக்கும்தான் வைத்தியம் செய்கிறோம். உடம்புதான் போராட வேண்டும். நோய் வராத மாட்டுக்குத் தடுப்பூசி இருக்கிறது" என்றார்.

பெரியவர் மெல்லக் கேட்டார். "என்னிடம் இரண்டு மாடு இருக்கிறது, ஐயா. இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன. போடலாமா?"

"உடனே போடலாம்."

டாக்டர் நோட்டை எடுத்தார். செவலையின் காதில் மஞ்சள் வில்லை இருந்தது. அதில் 12 இலக்க எண். மாடு தலையை ஆட்டிக்கொண்டே இருந்தது. பால்காரம்மா காதைப் பிடித்துக்கொண்டார்.

"நானே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்."

ஒவ்வொரு இலக்கமாக வாசித்தார். ஓர் இடத்தில் 1க்கும் 7க்கும் தடுமாறினார். சேற்றை விரலால் துடைத்துவிட்டுத் திருத்திச் சொன்னார். மகள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் திறக்கவில்லை.

முதல் வாரம் மோசமாக இருந்தது. கால் வீங்கியது. செவலை எழுந்திருக்கவே இல்லை. பால்காரம்மா கஞ்சி காய்ச்சிக் கையால் ஊட்டினார். கட்டிகள் உடைந்தன. புண்ணை உப்புத் தண்ணீரில் கழுவி, டாக்டர் கொடுத்த மருந்தைத் தடவினார். பத்தாம் நாள் செவலை புல்லைக் கடித்தது.

இப்போது காலையும் மாலையும் சேர்த்து 7 லிட்டர் கறக்கிறது. பழைய 10 லிட்டர் திரும்பவில்லை. விலாவில் நான்கு இடத்தில் வட்டத் தழும்பு இருக்கிறது. மயிர்க்கால் அழிந்துவிட்டதால் அங்கே மயிர் முளைக்கவில்லை. அந்தக் கம்பியில் இப்போது கொட்டகைச் சாக்குத் திரை தொங்குகிறது.