முனை எங்கே இருக்கிறது?

அன்புள்ள தம்பிக்கு,

கேட்டலாக்கில் ±0.03 மி.மீ. என்று போட்டிருந்தும், கம்ப்யூட்டரில் எழுதி ஏற்றிய புரோகிராம் 3 மி.மீ. தள்ளி நிற்கிறது, ரோபோ பழுதா என்று கேட்டிருந்தாய். பழுதில்லை. அந்த எண்ணைத் 'துல்லியம்' என்று சொல்லி விற்பதுதான் எனக்கு எரிச்சல். பதித்த இடத்துக்கே மறுபடி மறுபடி வந்து நிற்கும் திறனைத்தான் அது காட்டுகிறது. நீ சொன்ன எக்ஸ், ஒய், இசட் எண்களுக்குப் போய்ச் சேருவது வேறு விஷயம். ஐஎஸ்ஓ 9283 தரநிலை இரண்டையும் தனித்தனியாகவே அளக்கிறது.

ஜார்ஜ் டெவால் 1954இல் விண்ணப்பித்து 1961இல் பெற்ற ரோபோக் காப்புரிமையைத் தேடிப் படி. பாடப்புத்தகம் பத்தைவிட எனக்கு அது உதவியது. 1961இல் நியூ ஜெர்சியில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் இறங்கிய அவருடைய யூனிமேட் ரோபோ, சூடான வார்ப்புகளை எடுத்து வைத்தது. கையை இடத்துக்குக் கொண்டுபோய், மூட்டுகளின் நிலையைக் காந்த உருளையில் பதிப்பார்கள். அது திரும்ப அங்கேயே வரும். அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. கையில் பிடிக்கும் டீச் பெண்டன்ட்டில் நீ பாயிண்ட் பதிப்பதும் அடிப்படையில் அதே வேலைதான். கம்ப்யூட்டரில் எழுதும்போதுதான் கையின் நீளப் பிசகு, பளுவில் தொய்வு, பாகத்தைப் பிடித்து வைக்கும் பிக்ஸர் இருக்கும் இடம் எல்லாம் கணக்கில் வருகின்றன. எல்லாவற்றுக்கும் முன்னால் டி.சி.பி., அதாவது டூலின் முனை எங்கே என்று ரோபோ நம்புகிற இடம்.

மேஜையில் ஒரு கூர் ஊசியை அசையாமல் நிறுத்து. உன் டூலான வெல்டிங் டார்ச்சின் முனையை நான்கு வெவ்வேறு சாய்வுகளில் அந்த ஊசி முனைக்குக் கொண்டுபோய்ப் பதி. சாய்வுகள் நன்றாக வேறுபட வேண்டும். அவசரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பதிக்கிறவர்களுக்குக் கணக்கு கெட்டுத்தான் வரும். பிறகு டூல் கோஆர்டினேட்டில் முனையை மையமாக வைத்துச் சுழற்று. முனை ஊசியை விட்டு நகர்ந்தால் மறுபடி செய். கையால் பதித்த பாயிண்டில் இந்தப் பிழை தெரியவே தெரியாது, அங்கே அது கழிந்துவிடும். நேர்கோட்டில் போகும்போது சாய்வும் மாறினால்தான் பாதை வளைந்து காட்டிக்கொடுக்கும். அதனால்தான் பலர் இதைச் செய்யாமலே வருடக்கணக்கில் ஓட்டிவிடுகிறார்கள்.

பிக்ஸருக்கு மூன்று புள்ளிகளில் பேஸ், அதாவது அதன் ஆய அச்சுகளைப் பதி. டூலின் எடையைச் சரியாகக் கொடு. பழகும் காலத்தில் 250 மி.மீ./வினாடிக்கு மேல் போகாத டி1 மோடை விடாதே. வேலிக் கதவின் இன்டர்லாக்கை பைபாஸ் செய்யச் சொல்கிறவர் யாராக இருந்தாலும், மேலதிகாரியாகவே இருந்தாலும், மறுத்துவிடு.

இன்னொன்று. டார்ச் எங்காவது மோதி வளைந்தால், ஷிப்ட் ஆட்கள் உடனே எல்லாப் பாயிண்டுகளையும் திருத்தத் தொடங்குவார்கள். நீ அதைச் செய்யாதே. டார்ச்சை நிமிர்த்தி, ஊசியில் வைத்துச் சோதித்துவிட்டு, அப்புறம் புரோகிராமைத் திற.

அன்புடன்,
உன் ஆசிரியர்