பழைய வடிவமும் புதுத் துணியும்
(ஆய்வு வட்டப் பாடம்)

மூலப்பொருள் மாறினால் மரபு கெட்டுப்போகுமா என்னும் ஐயம் கைத்தொழில் செய்வோர் எல்லோர்க்கும் உரியது. மரபின் உயிர் பொருளில் உள்ளதா, வடிவில் உள்ளதா என்று முதலில் தெளிந்தாலன்றி இதற்கு விடை கூற இயலாது. அத்தெளிவைப் பெற, கடல் கடந்த ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் வரலாற்றை ஈண்டு ஆராய்வோம்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஆறு மூன்று புறமும் வளைந்தோடும் ஜீஸ் பெண்ட் என்னும் சிற்றூர் உளது. பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாக உழைத்த கறுப்பின மக்களின் வழிவந்தோரே அங்கு வாழ்கின்றனர். 1932-இல், கடன் கொடுத்திருந்த வணிகர் இறந்தபின், அவர் குடும்பத்தார் கடனுக்கு ஈடாகக் கலப்பை, கால்நடை, தானியம் ஆகிய அனைத்தையும் வாரிச் சென்றனர். அத்தகைய வறுமையிலும் அவ்வூர்ப் பெண்கள் கைவிடாத கலை, ஒட்டுத்துணிப் போர்வை தைத்தலாகும்.

இப்போர்வை மூன்று அடுக்குகள் கொண்டது. மேலே துண்டுகளை இணைத்த துணி, நடுவே பஞ்சு, கீழே அடித்துணி. மூன்றையும் ஊடுருவித் தையல் ஓடும். மேலடுக்கின் வடிவங்களுள் 'வீட்டுக்கூரை' என்பது அவ்வூரார் பெரிதும் விரும்புவது. நடுவில் ஒரு சிறு சதுரம் வைத்து, அதன் நாற்புறமும் பட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டே போவர். விதி இவ்வளவே. வயலில் உழைத்துத் தேய்ந்த கால்சட்டையும் பழைய சாக்குமே அந்நாளில் துணியாயின. வெயிலில் வெளுத்த நீலத் துணியில், சட்டைப்பை இருந்த இடம் மட்டும் வெளுக்காமல் கருநீலமாகத் தோன்றும். அதுவும் போர்வைக்கு அழகாயிற்று.

1966-ஆம் ஆண்டில், அவ்வட்டாரப் பெண்கள் 'பிரீடம் குயில்டிங் பீ' என்னும் கூட்டுறவு அமைப்பைத் தோற்றுவித்தனர். வாக்குரிமை கேட்டதற்காகப் பல குடும்பங்கள் வேலையும் வீடும் இழந்த காலம் அது. பிரான்சிஸ் வால்ட்டர் என்னும் பாதிரியார் துணைநின்றார். போர்வைகள் நியூயார்க் நகரில் ஏலம் விடப்பட்டன. பின்னர்ப் பெருங்கடைகளும் வாங்கின.

1972-இல், சியர்ஸ் என்னும் பெரு நிறுவனத்திற்குக் கார்டுராய்த் துணியில் தலையணை உறை தைத்துக் கொடுக்கும் ஒப்பந்தம் கிடைத்தது. வெட்டி எஞ்சிய துண்டுகள் உறுப்பினர் வீடுகளுக்குச் சென்றன. பொன், பச்சை, சிவப்பு, பழுப்பு ஆகிய அந்நாளைய நாகரிக நிறங்கள் பழைய 'வீட்டுக்கூரை'க்குள் புகுந்தன.

இனி, புதுத் துணி என்ன செய்தது என்பதைக் கருத்தூன்றிக் காண்க. கார்டுராய் தடித்தது. சிறு சிறு துண்டுகளாக இணைத்தால் தையல் ஓரம் புடைக்கும். ஆகவே பட்டைகள் அகலமாயின. அதன் மேற்பரப்பில் வரிவரியாகப் பூம்பஞ்சு எழுந்து நிற்கும். ஒரே சிவப்புத் துணியை நெடுக்கில் ஒன்றும் குறுக்கில் ஒன்றுமாக வைத்தால், ஒளி படும் திசையால் இரு வேறு சிவப்பாகத் தோன்றும். பழைய துணியில் காணாத ஆழம் இவ்வாறு வடிவத்திற்குக் கிடைத்தது. நடுச் சதுரமும் சுற்றுப் பட்டையும் என்ற விதியோ மாறவில்லை.

பழகாத கண்ணுக்கு இப்போர்வை முதலில் முரடாகவே தோன்றும். அதனை நேசிக்கக் கற்பதற்கு மூன்று படிகள் உண்டு. முதலில் நிறத்தை மறந்து நடுச் சதுரத்தைத் தேடுக. அடுத்து, பட்டைகள் சேர்ந்த வரிசையை விரலால் தொடர்க. இறுதியாக, தைத்தவர் எவ்விடத்தில் ஒழுங்கை வேண்டுமென்றே மாற்றினார் என்று நோக்குக. வடிவத்தை அறிந்த பின்னரே அந்த மாற்றத்தின் துணிவு புலப்படும்.

2002-இல் ஹூஸ்டன் நகர அருங்காட்சியகம் ஜீஸ் பெண்ட் போர்வைகளைக் காட்சிக்கு வைத்தது. 2006-இல் அமெரிக்க அஞ்சல் துறை பத்துப் போர்வைகளின் உருவத்தை அஞ்சல்தலைகளில் பொறித்தது. ஆயின் அந்தக் கூட்டுறவு அமைப்பு 2012-இல் மூடப்பட்டது. அவ்வூர்ப் பெண்கள் இன்றும் தைத்து வருகின்றனர்.

இதில் நாம் கொள்ளவேண்டிய பாடம் யாது? ஒப்பந்த வேலை ஒரே அளவு, ஒரே நிறம் என்ற கட்டுப்பாடு உடையது. அது கூலி தந்தது. வீட்டில் எஞ்சிய துணியால் விருப்பம்போல் தைத்ததே ஊருக்குப் பெயர் தந்தது. கூலியின்றி அடுப்பு எரியாது. பெயரின்றித் தொழில் தனக்கென ஓர் இடம் பெறாது. ஆகவே, வந்த ஆணையை நிறைவேற்றுவதோடு சங்கத்தின் கடமை முடிந்துவிடாது. உறுப்பினர் தம் மனம்போல் ஒரு துணியேனும் செய்து பார்க்க நேரமும் பொருளும் ஒதுக்குவதும் அதன் கடமையே. மூலப்பொருள் காலத்தோடு மாறுவது இயல்பு. வடிவத்தை அறிந்த கை இருக்குமளவும் மரபுக்கு அழிவில்லை. அக்கை ஓய்ந்துவிட்டால், பழைய துணியைப் பெட்டியில் பூட்டி வைத்தும் பயனில்லை.

வட்டத்தில் ஆராய்வதற்குரிய வினாக்கள்:

1. நும் தொழிலில் மாறாத விதி எது? மாறக்கூடியது எது?
2. நும் சங்கத்தில் எஞ்சும் நூலும் துணியும் யாரிடம் செல்கின்றன?
3. பழைய வடிவங்களை அறிந்த முதியோர் எத்தனை பேர் உளர்? அவரிடம் கற்போர் எத்தனை பேர்?