குழந்தைக்குப் புதுச் சமையல்
கணவனும் மனைவியும் சேர்ந்து படிக்க வேண்டியது

"என்னங்க, இன்னிக்குக் கேழ்வரகுல புதுசா ஒண்ணு செஞ்சு பார்த்தேன்" என்று மனைவி தட்டை வைக்கிறாள். "சோறு, கொழம்பு இல்லியா? எதுக்கு இந்தப் பரீட்சையெல்லாம்?" என்று கணவன் தட்டைத் தள்ளிவிடுகிறான். மறுநாளிலிருந்து அந்த வீட்டில் பழையபடி சோறும் ரசமும்தான். இதில் நஷ்டம் யாருக்கு? இடுப்பில் இருக்கும் பத்து மாதப் பெண் குழந்தைக்கு.

அந்தக் குழந்தையின் எடை எட்டாம் மாதத்தில் 6½ கிலோ. பத்தாம் மாதத்திலும் அதே 6½ கிலோ. காய்ச்சல் இல்லை, பேதி இல்லை, சிரிக்கிறது, விளையாடுகிறது. "நல்லாத்தானே இருக்கு" என்கிறார் பாட்டி. பார்வைக்கு அப்படித்தான் இருக்கும். ஆனால் 3 கிலோவில் பிறந்த குழந்தை ஐந்தாறு மாதத்தில் இரண்டு மடங்கும், ஒரு வயதில் சுமார் மூன்று மடங்கும் ஆக வேண்டும். இரண்டு மாதம் எடை நின்றுபோனால் ஏதோ குறை இருக்கிறது என்று அர்த்தம். இந்த வீட்டில் குறை என்னவென்றால், குழந்தைக்குக் கொடுத்ததெல்லாம் பருப்புத் தண்ணீரும் ரசச் சோறும் கஞ்சித் தெளிவும். வயிறு ரொம்புது, உடம்புல ஒட்டல.

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம். ஆறு மாதம் முடிந்ததும் தாய்ப்பாலோடு திட உணவும் வேண்டும். வயிற்றிலிருக்கும்போது தாயிடம் வாங்கிவந்த இரும்புச்சத்து அதற்குள் தீரத் தொடங்கிவிடும். ஆகவே புதுச் சமையல் செய்து பார்ப்பதை ஆடம்பரம் என்று நினைக்காதீர்கள். தாய்ப்பாலை இரண்டு வயது வரையும், அதற்கு மேலும் தொடரலாம்.

"ரெண்டு பிள்ளைய வச்சுக்கிட்டு ரெண்டு சமையலா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். தனி உலை வேண்டவே வேண்டாம். வீட்டுக்கு வைக்கும் பருப்பில் ஒரு பிடி முருங்கைக்கீரையும் ஒரு தக்காளியும் சேர்த்து வேகவிடுங்கள். உப்பும் மிளகாயும் போடுவதற்கு முன் குழந்தையின் பங்கை எடுத்துவையுங்கள். அதில் சோற்றைக் குழைய மசித்து, ஒரு சின்னக் கரண்டி எண்ணெயோ நெய்யோ விட்டால் தீர்ந்தது. தக்காளியும் எலுமிச்சையும் ருசிக்கு மட்டுமல்ல, கீரையின் இரும்புச்சத்து உடம்பில் சேரவும் உதவும். ஒரு வயது வரை உப்பும், இரண்டு வயது வரை சர்க்கரை, வெல்லமும் தேவையில்லை. ஒரு வயதுக்குள் தேன் நாக்கில் தடவக்கூடக் கூடாது.

செய்து பார்க்க வேண்டிய இன்னொன்று முளைகட்டிய கேழ்வரகு. இரவு ஊறவைத்து, காலையில் தண்ணீரை வடித்து, ஈரத்துணியில் கட்டித் தொங்கவிடுங்கள். ஒன்றிரண்டு நாளில் முளை வரும். நன்றாக உலர்த்தி, லேசாக வறுத்து, மில்லில் அரைத்து, சலித்து வையுங்கள். மழைக்காலத்தில் சரியாகக் காயாமல் பூஞ்சை வாடை அடித்தால் கொட்டிவிடுங்கள். காசு போனாலும் போகட்டும். சாதா மாவு கொஞ்சம் போட்டாலே கஞ்சி கெட்டியாகிவிடும். அதனால் தண்ணீரைக் கூட்டிவிடுகிறோம். முளைகட்டிய மாவு இளகியே இருக்கும். அதே கிண்ணத்தில் கூடுதல் மாவு போடலாம். குழந்தையின் வயிறு சின்னது. அந்தச் சின்ன இடத்தில் தண்ணீர் போகிறதா, சத்து போகிறதா என்பதுதான் விஷயம். கரண்டியைச் சாய்த்தால் ஓடாமல் மெதுவாக விழும் பதம் சரியான பதம்.

அங்கன்வாடியில் தரும் சத்துமாவில் வெல்லம் ஏற்கெனவே இருக்கிறது. மேலும் இனிப்பு சேர்க்க வேண்டாம். அந்த மாவைச் சில வீடுகளில் மாட்டுக்குக் கரைத்து வைப்பதைப் பார்த்திருக்கிறோம். மாடு தேறுகிறது, பிள்ளை தேறவில்லை!

ஆறிலிருந்து எட்டு மாதம் வரை நாளைக்கு இரண்டு மூன்று வேளை கொடுங்கள். இரண்டு மூன்று கரண்டியில் தொடங்கி அரைக் கிண்ணம் வரை கூட்டலாம். ஒன்பதாம் மாதத்திலிருந்து மூன்று நான்கு வேளை. நடுவில் வாழைப்பழம், அவித்த கிழங்கு, நன்றாக வெந்த முட்டை. இரண்டு வறுவல் பாக்கெட் வாங்கும் காசில் ஒரு முட்டை வாங்கிவிடலாம். டீயும் பன்னும் வேண்டாம். டீ இரும்புச்சத்தைச் சேரவிடாது. வேர்க்கடலை, பொட்டுக்கடலையை முழுசாகக் கொடுத்தால் மூச்சுக்குழலில் அடைத்துக்கொள்ளும். பொடித்துத்தான் கொடுக்க வேண்டும்.

மாமியார், "முட்டை குடுத்தா மாந்தம் வரும்" என்றால் சண்டைக்குப் போகாதீர்கள். அந்தப் பயத்துக்கும் காரணம் உண்டு. எத்தனையோ குழந்தைகளைப் பேதிக்குப் பறிகொடுத்த காலத்தைப் பார்த்தவர் அவர். "அத்தை, ஒரு கரண்டி மட்டும் குடுத்து, ரெண்டு மூணு நாள் நீங்களே பாருங்க" என்று சொல்லுங்கள். எந்தப் புது உணவையும் அப்படித்தான் கொடுக்க வேண்டும்: ஒரு சமயத்தில் ஒன்று, அதுவும் பகல் வேளையில். உதடு வீங்கினாலோ, மூச்சு இரைத்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குழந்தை துப்பினால் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். பத்துத் தடவைகூடக் கொடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

இனி தகப்பன்மார்களுக்கு. புதுப் பதம் பார்க்கும்போது தாயின் கவனம் முழுக்க அடுப்பில் இருக்கும். தவழும் பிள்ளை அந்த நேரத்தில்தான் கஞ்சிப் பானையை இழுக்கும். அந்த அரை மணி நேரம் பிள்ளை உங்கள் கையில் இருக்கட்டும். சூடு பட்டுவிட்டால் துணியையும் நகையையும் கழற்றி, ஓடுகிற சாதாரணத் தண்ணீரில் இருபது நிமிஷம் காட்டுங்கள். தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்க வேண்டாம். மஞ்சள், மை, பற்பசை எதையும் பூச வேண்டாம். சுத்தமான துணியால் மூடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

பலகாரம் தீய்ந்துபோனாலும் ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்கள். மூத்த பையன் உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் தட்டைத் தொடுவான்.

அந்த வீட்டில் பிறகு அப்படித்தான் நடந்தது. மில்லுக்கு மாவு அரைக்கப் போனவர் கணவர். மூன்றாம் நாள் முட்டையை மசித்து ஊட்டியவர் பாட்டி. பன்னிரண்டாம் மாதம் நர்ஸம்மா எடை போட்டபோது 7 கிலோ 300 கிராம். இன்னும் போதாதுதான். அடுத்த மாதமும் அட்டையோடு வரச் சொல்லியிருக்கிறார்.