தாம்பரத்தில் அயல்நாட்டு மாணவரின் முதல் வாரங்கள்

1837இல் தொடங்கி 1937இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரி, சானடோரியத்தில் இயங்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனம், பல்லாவரம் முதல் காட்டாங்கொளத்தூர் வரை பரந்து கிடக்கும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் ஆகியவற்றை நாடி அயல்நாட்டு மாணவர் தென்சென்னைப் புறநகருக்கு வந்து சேர்கின்றனர். அவர்களுள் இலங்கையிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வரும் தமிழ் மாணவர்க்கு மொழியும் உணவும் கோயிலும் பழகியவையாக இருப்பதால், சட்டத்தின் முன் தாமும் அயல்நாட்டவரே என்பது மறந்துபோகக்கூடும். ஊரைச் சுற்றிப் பார்ப்பதும் உறவினரைக் காண்பதும் பின்னர் ஆகலாம். பதிவு தொடர்பான வேலைகளுக்கு முதலிடம் தருவதே முறை.

மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு எதிரிலேயே திரிசூலம் ரயில் நிலையம் உள்ளது. அங்கிருந்து தெற்கே செல்லும் புறநகர் மின்ரயில் பல்லாவரம், குரோம்பேட்டை, சானடோரியம் வழியாகத் தாம்பரத்தை அடையும். எனினும் பெரிய பெட்டிகளுடன் காலை, மாலை நெரிசலில் ஏறுவது கடினமாதலால், அந்நேரத்தில் வந்திறங்குவோர் வாடகைக் காரை நாடுவதே நன்று.

180 நாட்களுக்கு மேற்பட்ட மாணவர் விசாவில் வருபவர், வந்திறங்கிய 14 நாட்களுக்குள் அயல்நாட்டவர் பதிவு அலுவலகத்தில், அதாவது அயல்நாட்டவரின் வருகையையும் தங்கலையும் பதிவு செய்யும் மத்திய அரசு அலுவலகத்தில், பதிந்துகொள்ள வேண்டும். சென்னை அலுவலகம் நுங்கம்பாக்கம் ஹாடோஸ் சாலையில் சாஸ்திரி பவன் இணைப்புக் கட்டடத்தில் இருப்பினும், 2018 முதல் இ-எஃப்ஆர்ஆர்ஓ என்னும் இணையவழியில் விண்ணப்பிக்க முடிவதால், அழைப்பு வந்தாலன்றி நேரில் செல்லத் தேவையில்லை. கடவுச்சீட்டு, விசா, புகைப்படம் ஆகியவற்றோடு, அம்மாணவர் தம்மிடம் பயில்கிறார் என்று கல்வி நிறுவனம் தரும் போனஃபைட் சான்றிதழும் தங்குமிடச் சான்றும் வேண்டும். தங்குமிடச் சான்றாக அமைவது பெரும்பாலும் சி படிவம் என்று நெடுங்காலமாக வழங்கிவருவதாகும். தம் இடத்தில் அயல்நாட்டவர் வந்து தங்கிய 24 மணி நேரத்துக்குள் விடுதியாரோ வீட்டு உரிமையாளரோ அதனை இணையத்தில் பதிய வேண்டும். விடுதி நிர்வாகத்துக்கு இது வழக்கமான பணி. தனி வீட்டு உரிமையாளர் பலர்க்கு இப்படியொரு கடமை உண்டென்பதே தெரியாதாகையால், முதல் மாதமேனும் கல்லூரி விடுதியில் தங்கிப் பதிவை முடித்துக்கொண்டு, அதன் பின்னரே வெளியில் வீடு தேடுவது பாதுகாப்பானது. வீடு மாறியதும் புதிய முகவரியையும் தாமதமின்றி அதே இணையதளத்தில் தெரிவிக்க வேண்டும்.

அடுத்தது வங்கி. அயல்நாட்டு மாணவர் கடவுச்சீட்டு, விசா, சேர்க்கைக் கடிதம், புகைப்படம் ஆகியவற்றைக் கொண்டு என்ஆர்ஓ கணக்கை, அதாவது இந்தியக் குடியிருப்பாளர் அல்லாதார்க்குரிய ரூபாய்க் கணக்கைத் தொடங்கலாம். உள்ளூர் முகவரிச் சான்றைத் தர ரிசர்வ் வங்கி விதிகள் 30 நாள் அவகாசம் தருகின்றன. ஆனால் அதுவரை வெளிநாட்டிலிருந்து 1,000 டாலருக்கு மேல் பெறவும் மாதம் 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்கவும் இயலாதாகையால், கட்டணத்தையும் வாடகை முன்பணத்தையும் இவ்வரம்பைக் கருத்திற்கொண்டே திட்டமிட வேண்டும். மாணவர் விசா ஊதியத்துக்கு வேலை பார்க்க இடம் தராது என்பதையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வீடு தேடுவோர் வாடகையை மட்டும் பார்த்தால் போதாது. வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களில் அடையாற்றுப் படுகையை ஒட்டிய முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் நீரில் மூழ்குவதுண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அங்கு பல வீடுகளின் தரைத்தளம் முழுவதும் நீருக்குள் போயிற்று. ஆகவே கோடையில் வீடு பார்க்கும்போதே மழைக்காலத்தில் தெருவில் நீர் எவ்வளவு நின்றது என்று அக்கம்பக்கத்தாரிடம் கேட்டறிவதும், இயன்றவரை மாடி வீட்டைத் தேர்வதும் அவசியம். சான்றிதழ்கள் தரைத்தளத்தில் நனைந்துபோனால் அவற்றைத் தாய்நாட்டிலிருந்து மீண்டும் பெறுவது எளிதன்று. தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டம், எழுத்துவழி ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்குவதோடு, இருதரப்பும் வேறுவிதமாக உடன்பட்டாலன்றி முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டலாகாது என்கிறது. இதற்கு மேல் கேட்கப்படுவதும் உண்டு. அப்போது சட்டம் சொல்வதை எடுத்துக்கூறிப் பேசிக் குறைக்க முயல வேண்டும்.

போக்குவரத்துக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நாள்தோறும் பயணம் செய்வோர்க்கு ரயில்வேயின் மாதாந்திர சீசன் டிக்கெட் மிகவும் மலிவு. டிக்கெட் இன்றிப் பிடிபட்டால் கட்டணத்துடன் குறைந்தது 250 ரூபாய் அபராதம். வெளியூர்ப் பயணத்துக்கு, 2023 டிசம்பரில் வண்டலூரை அடுத்துத் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பேருந்து முனையமே அருகில் உள்ளது.

இப்பணிகளுள் மாணவர் தாமே செய்ய இயலாதது தங்குமிடப் பதிவு ஒன்றே. தாம்பரம், சேலையூர், மாடம்பாக்கம் பகுதிகளில் அயல்நாட்டு மாணவர்க்கு வீடு விடுவோர், அவர் பெட்டியை இறக்கிய அன்றே அதைப் பதிந்துகொடுக்க வேண்டும்.